தகடூர் நாட்டுச் சிற்றணைகளும் நீராடுவாரும்

அணை என்னும் சொல் நம் மொழியிற் பல பொருள் குறித்து வழங்குவது. தலைக்கு வைப்பதும் அணை. தாய் மகவைத் தழுவுதலும் அணைத்தல். விளக்கை அவித்தலும் அணைத்தலே. ஆற்றின் குறுக்கே எழுப்பிய கரையை அணை என்னுமிடத்து இம்மூன்று பொருளும் ஒருங்கே நினைவிற்கு வருவது வியப்பன்று. ஓடும் நீரைத் தன்பால் தழுவி நிறுத்துவதும் அதுவே. காவல் குன்றியபோது உயிர்விளக்கை அவிப்பதும் அதுவே. எனினும் தருமபுரி ஜில்லாவில் அணையைப் பற்றிப் பேசுவோர், இவ்வாண்டு எத்தனை அடி தண்ணீர் ஏறியது, எந்நாளில் வாய்க்கால் திறப்பார்கள் என்பனவற்றையே பேசுகின்றனர். கரை எத்துணை உறுதியாய் நிற்கின்றது என்பதும், விடுமுறை நாளில் அங்குச் சென்று நீராடுவார் எவ்வாறு மீளுகின்றனர் என்பதும் அப்பேச்சில் இடம்பெறுதல் அரிது. அவ்விரண்டையுமே ஈண்டு எடுத்துக்கொண்டேன்.

பண்டைத் தகடூர் நாடாகிய இந்த ஜில்லா, 1965-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ஆம் நாள் சேலத்தினின்று பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் வடபகுதி கிருஷ்ணகிரி என்னும் பெயரால் வேறு பிரிந்தது. மழை மிகுதியாய்ப் பெய்யும் நாடன்று இது. மேற்கே காவிரியும் கிழக்கே தென்பெண்ணையும் ஓடினும், இடைப்பட்ட மேட்டு நிலங்கள் சிற்றாறுகளையே நம்பியுள்ளன. ஆதலின் அவ்வாறுகளின் குறுக்கே சிற்றணைகள் பல எழுந்தன. பஞ்சப்பள்ளியிற் சின்னாற்றணை, பாலக்கோட்டுப் பக்கத்திற் கேசர்குளி அள்ளா, காரிமங்கலப் பக்கத்தில் தும்பலஅள்ளி, பென்னாகரப் பக்கத்தில் நாகாவதி, தெற்கே தொப்பையாறு, அரூர்ப் பக்கத்தில் வள்ளிமதுரை வறட்டாறு, சேர்வராயன் மலையினின்று இழிந்து வரும் வாணியாற்றிற்குப் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் ஓரணை என்று இவை விரியும். மேட்டூர் அணையின் நிறைமட்டம் 120 அடி. வாணியாற்றினது 65 அடி. சின்னாற்றினது 50 அடி. இவ்வளவு வேற்றுமை இருப்பதால், இவற்றைச் சிற்றணை என்று வழங்கி, சிறியதற்குச் சிறிய அபாயமே உண்டென்று மக்கள் மனத்திற் கொண்டுவிடுகின்றனர்.

அங்ஙனம் கொள்ளுதல் பிழை. நீரின் அழுத்தம் அதன் பரப்பைப் பொறுத்ததன்று, ஆழத்தையே பொறுத்தது. ஒரு காத தூரம் பரந்து கிடக்கும் ஏரியாயினும், ஊர்ப்புறத்துக் கிணறாயினும், 10 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தைத் தாக்கும் நீரின் பாரம் 10 டன்னே. வாணியாற்றணை நிரம்பி நிற்குங் காலத்தில் அதன் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரின்மேலும் ஏறக்குறைய 20 டன் பாரம் இரவும் பகலும் ஓயாது நெருக்கிக்கொண்டிருக்கின்றது. அதனைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் மண்.

மண்ணணையின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். வெறும் மண்ணைக் குவித்துக் கரையாக்கினால் நீர் அதனுட் கசிந்து மறுபுறம் வெளிப்படும். ஆகவே நடுவிற் களிமண்ணால் நீர் புகாத ஒரு சுவர்போன்ற பகுதியை அமைத்து, இருமருங்கும் பிற மண்ணை அடுக்கடுக்காக இட்டு நனைத்து உருளையால் நெருக்குவர். நீரை நோக்கிய சரிவில் அலை அரிக்காவண்ணம் கல் பதிப்பர். வெளிச் சரிவில் மழைநீர் அரிக்காவண்ணம் புல் வளர்ப்பர். இவ்வளவு செய்தும் சிறிது கசிவு இருந்தே தீரும். கசியாத மண்ணணை உலகில் எங்கும் இல்லை. அக்கசிவை மணலும் ஜல்லியும் கொண்ட வடிகட்டியின் வழியே அடிவாரத்திற்குக் கொண்டுசென்று, ஒரு சிறு வாய்க்காலில் விடுவர். அவ்வாய்க்காலில் முக்கோணமாய் வெட்டிய பலகை ஒன்று நாட்டி, அதன்மேல் வழியும் நீரின் உயரத்தை அளந்து கசிவின் அளவைக் கணக்கிடுவர்.

இங்கேதான் நம்மனோர் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. கசியும் நீர் தெளிந்திருக்குமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. அது கலங்கி வருமாயின், அணையின் உட்புறத்து மண் நீரோடு கலந்து வெளியேறுகின்றது என்பது பொருள். எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று, பட்டுப்போன மரத்தின் வேர் உளுத்த துளை ஆகிய ஏதேனும் ஒன்று அதற்கு வழியாயிருக்கலாம். நீர் மண்ணை அரிக்க, வழி அகலும். வழி அகல, நீர் விரைந்து ஓடும். விரைந்து ஓடும் நீர் இன்னும் மிகுதியாய் அரிக்கும். காலையில் விரல் நுழையும் துளையாய் இருந்தது மாலையில் ஆள் நுழையும் புழையாய், நள்ளிரவில் அணையே இல்லாத வெளியாய் முடிந்ததுண்டு. கரையின்மேல் வேலமரமும் புதரும் அடர்ந்திருப்பதைப் பசுமை என்று கண்டு மகிழ்வோர் உளர். பொறியியலாளர் அதனைக் கண்டால் முகஞ்சுளிப்பர். புதர் மறைத்த இடத்திற் கசிவு தோன்றினும் கண்ணிற் படாது.

மற்றொரு கேடு, நீர் கரையின் தலைக்குமேல் வழிதல். கல்லணையாயின் ஓரளவு தாங்கும். மண்கரையோ சிலமணி நேரத்திற் கரைந்துபோம். அதற்காகவே மிகுதிநீர் செல்லக் கலிங்கு அமைக்கப்பட்டுள்ளது. கலிங்கின் மட்டத்திற்கும் கரையின் தலைக்கும் இடையே உள்ள உயரம், வெறுமனே விடப்பட்ட இடமன்று; பெருவெள்ளத்திற்கும் அலைக்கும் என்றே வைக்கப்பட்டது. நம் நாட்டுப் பழைய ஏரிக் கலிங்குகளின்மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைக் காணலாம். மழைக்காலத்தின் இறுதியில் அக்கற்களினிடையே பலகையும் மண்ணும் இட்டு, இன்னும் ஓரடி நீரைத் தேக்கிக்கொள்வது குடியானவர் வழக்கம். வறண்ட நாட்டார்க்கு அவ்வோரடி நீர் ஒருபோகம் நெல்லாகும். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் மழை ஓய்ந்ததென்று எண்ணி அடைத்த பின்னர் மழை வந்துவிடின் என்செய்வது? 2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாட்களில் பெஞ்சல் புயலின் எச்சத்தால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வூர் 2004 வரை தருமபுரியைச் சேர்ந்திருந்தது. ஓராண்டு முழுமைக்கும் பெய்யும் மழையிற் பாதிக்கு மேற்பட்டதை ஒருநாளிற் கண்ட அப்பகுதியினர், இனி எதனையும் நடவாதது என்று சொல்லத் துணியார்.

மூன்றாவது, மதகின் கேடு. ஜனங்கள் ஷட்டர் என்று வழங்கும் இரும்புக் கதவைப் பற்றியது இது. கிருஷ்ணகிரி அணை தென்பெண்ணையின் குறுக்கே 1958 முதல் இயங்கி வருவது. முதலமைச்சர் காமராசரால் திறந்துவைக்கப்பெற்றது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், அணை ஏறத்தாழ நிறைமட்டமாகிய 52 அடியை எட்டியிருந்த வேளையில், அதன் முதல் மதகு உடைந்தது. நீர் பீறிட்டு ஆற்றிற் பாய்ந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்னும் ஐந்து ஜில்லாக்களிலும் ஆற்றங்கரையார் எச்சரிக்கப்பெற்றனர். உடைந்ததற்கு ஈடாகப் புதிய மதகு பொருத்தும் பொருட்டு, அரிதிற் சேர்ந்த நீரைப் பெருமளவு வெளியேற்ற வேண்டியதாயிற்று. உயிர்ச்சேதம் நேராது போயிற்று எனினும், வயல்கள் பெற வேண்டிய நீர் கடலுக்குச் சென்றது. கல்லும் மண்ணும் அறுபதாண்டு நின்றன, இரும்பு நிற்கவில்லை. இதனைப் போன்றதே 2024 ஆகஸ்டு 10-ஆம் நாள் இரவு துங்கபத்திரை அணையில் நிகழ்ந்தது. 33 மதகுகளுள் 19-ஆவதன் சங்கிலி அறுந்து கதவு அடித்துச் செல்லப்பட்டது. எழுபதாண்டுப் பழமையுடைய அணை அது. சுவரைக் கட்டுவதற்குக் கோடிகள் ஒதுக்கும் அரசுகள், சங்கிலிக்கு நெய்யிடுவதற்கும் இரும்பிற்கு வர்ணம் பூசுவதற்கும் கை சுருக்குவது எந்நாட்டிலும் உள்ளதே.

பிற நாடுகளிலும் ஜில்லாக்களிலும் நிகழ்ந்தவற்றை எண்ணினால் நமது நாட்டு அணைகள் நற்பேறு உடையன எனலாம். கூர்ஜரத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை 1979 ஆகஸ்டு 11-ஆம் நாள் உடைந்து மோர்வி நகரை மூழ்கடித்தது. கலிங்கு தாங்கும் அளவினும் இருமடங்கிற்கு மேற்பட்ட வெள்ளம் வந்து, இருபுறத்து மண்கரையும் கரைந்தன. மாண்டோர் ஆயிரக்கணக்கினர் என்பது தவிர இற்றைவரை உறுதியான தொகை இல்லை. ஈழத்திற் கந்தளாய்க் குளம் பழம்பெருமை வாய்ந்தது. அது 1986 ஏப்ரல் 20-ஆம் நாள் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரை வாரிக்கொண்டது. இவை பெரியன. சிறியதற்கு ஒன்று சொல்லுவேன். மகாராஷ்டிரத்தில் இரத்தினகிரி ஜில்லாவிலுள்ள திவரே என்னும் சிற்றணை, 2019 ஜூலை 2-ஆம் நாள் இரவு உடைந்து, ஏறத்தாழ இருபதின்மர் உயிரைக் கொண்டுபோயிற்று. கரையிற் கசிவு இருப்பதாக ஊரார் முன்னரே முறையிட்டிருந்தனர். உடைந்த பின்னர் அம்மாநில அமைச்சர் ஒருவர் நண்டுகளே காரணம் என்றார். எதிர்க்கட்சியினர் நண்டுகளைப் பிடித்துக் காவல் நிலையத்திற்குக் கொண்டுசென்று, குற்றவாளிகளைக் கைதுசெய்யுமாறு வேண்டினர்! நண்டு வளை தோண்டுதல் அதன் இயல்பு. வளையைக் கண்டு அடைத்தல் மக்கள் கடமை. சீலோவாமிற் கோபுரம் இடிந்து பதினெண்மர் மாண்டதைக் கேட்டபோது, அவர்கள் மற்றையோரினும் பாவிகளோ என்று நம் ஆண்டவர் வினவியதை நாம் அறிவோம். கோபுரம் விழுந்தவிடத்து மாண்டாரைக் குறைகூறும் வழக்கமும், நண்டைக் குறைகூறும் வழக்கமும் ஓரினத்தனவே.

காவலின்றேற் குளம் உடையும் என்பது நம் முன்னோர்க்குத் தெரியாததன்று. பாரி இறந்தபின் கபிலர் பாடிய புறநானூற்று 118-ஆம் பாட்டு, எட்டாம் நாள் திங்கள்போல் வளைந்த கரையையுடைய சிறுகுளம் காப்பாரின்றி உடைவதையே கூறுகின்றது. குன்றும் பாறையும் இருபுறமும் நிற்க, இடையில் வளைந்த கரையிட்டு நீர் தேக்கும் முறையை அவ்வளவு சுருக்கமாகவும் திருத்தமாகவும் சொன்ன பாட்டு வேறொன்றை யான் அறியேன். கையறுநிலைப் பாட்டு என்று நாம் வகுப்பிற் படித்துக் கடந்துவிடுகின்றோம். தலைவன் இறந்தான் என்பதற்கு அப்புலவர் காட்டும் அடையாளம் முரசு கிழிந்ததன்று, குடை சாய்ந்ததன்று, குளம் உடைந்தது என்பதைப் பொறியியற் கல்லூரியாரும் கருதற்பாலர்.

இக்காலத்திற் காவலைச் சட்டத்தின்வழியே நிறுவ முயன்றிருக்கின்றனர். இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணைகள் யாவும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றுள் நீளத்தாலோ கொள்ளளவாலோ குறிப்பிட்ட எல்லையை எட்டியனவும் இச்சட்டத்திற்கு உட்படும். 15 மீட்டராவது ஏறக்குறைய 49 அடி. ஆகவே நம் வாணியாறும் சின்னாறும் இதனுள் அடங்குவனவே. சிற்றணை என்று இவற்றை ஒதுக்கிவிட இயலாது. மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் ஒவ்வோரணையையும் பரிசோதித்தல் வேண்டும் என்றும், சட்டம் வந்த ஐந்தாண்டுக்குள் ஒவ்வோரணைக்கும் அவசரகாலத் திட்டம் வகுத்தல் வேண்டும் என்றும், அதே கால எல்லைக்குள் தனித்த வல்லுநர் குழுவொன்று அணையை முழுவதும் ஆராய்தல் வேண்டும் என்றும் அது விதித்துள்ளது. அவசரகாலத் திட்டம் என்பது, அணை உடையின் எவ்வூர் எத்தனை நாழிகையில் மூழ்கும், யார் யாருக்கு அறிவிப்பது, மக்கள் எம்மேட்டிற்கு ஏறுவது என்பவற்றை முன்னரே எழுதிவைத்த ஏடு. அவ்வேடு அலுவலகப் பேழையுட் கிடப்பதினும், பள்ளிக்கூடச் சுவரிலும் கோயில் மண்டபத்திலும் ஒட்டப்படுதல் நலம். ஓடவேண்டியவர் பொறியியலாளர் அல்லரே.

நிற்க. இனி நீராடுவார் பக்கம் வருவோம்.

நம் ஜில்லாவில் கடலில்லை. கோடையிற் கிணறுகளும் வறளும். மாணவரும் இளைஞரும் விடுமுறை நாளில் அணைக்குச் செல்வது இயற்கையே. கட்டுச்சோறு கொண்டு குடும்பத்தோடு செல்வாரும், கிருஷ்ணகிரி அணையில் வறுத்த மீனுக்காகவே செல்வாரும் உளர். ஒகேனக்கலிற் பரிசலேறிச் செல்வார்க்கு மிதவைச் சட்டை தருகின்றனர். பெயர்பெற்ற இடமாதலின் காவலரும் நிற்கின்றனர். சிற்றணைகளிலோ எச்சரிக்கைப் பலகை ஒன்று நிற்கும். அதன் எழுத்துக்கள் மழையால் மங்கியிருக்கும்; சிலவிடத்து அதன்மேலேயே குளிப்பவர் சட்டையைத் தொங்கவிடுவர்.

தகடூர் அதியமானைப் பாடிய ஔவையார், பகைவரை எச்சரிக்கும் புறநானூற்று 104-ஆம் பாட்டில் ஓர் உவமை கூறுகின்றார். ஊர்ச் சிறுவர் விளையாடுதலாலேயே கலங்கிவிடும் அத்துணைச் சிறிய நீர், கால் அளவே ஆழமுடையது. அதனுள் இருக்கும் முதலை யானையையும் வீழ்த்தும் என்பதே அது. அதியமானின் வலிமைக்குக் கூறிய உவமை எனினும், இந்நாட்டு நீர்நிலைகளை நன்கு கண்டவர் கூற்றென்றே தோன்றுகின்றது. இன்று நம் சிற்றணைகளில் யானை வீழ்த்தும் முதலை இல்லை. அதன் இடத்திற் சேறும் குழியும் இருக்கின்றன. வண்டலுக்காகவும் மண்ணுக்காகவும் கோடையில் தோண்டிய குழிகள் மழைக்காலத்தில் நீருள் மறைகின்றன. முழங்கால் அளவு நீரில் நடந்து செல்பவன் ஓரடி எடுத்துவைத்த அளவில் இரண்டு ஆள் ஆழத்தில் அமிழ்ந்துவிடுகின்றான். நீந்தத் தெரிந்தவனும் எதிர்பாராத அமிழ்ச்சியில் ஒருவாய் நீரை உள்ளிழுத்துவிடின் தன் கையறிவை இழப்பான். அவனைப் பற்றப் பாய்ந்த நண்பனை அவனே இறுகத் தழுவிக்கொள்ள, இருவரும் ஒருங்கே மூழ்குதல் பெரும்பாலும் நிகழ்வது.

தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதுபுலவர் பாடிய புறப்பாட்டில், இளமையில் மரக்கிளையேறி ஆழ்ந்த மடுவில் துடுமெனப் பாய்ந்து அடிமணலை அள்ளிக் காட்டிய மகிழ்ச்சி கூறப்படுகின்றது. அதனைப் படித்தபின் அணைக்குச் சென்று பாய எண்ணுவார் ஒன்று கருத வேண்டும். அப்புலவர் பாய்ந்தது தம்மூர் மடு. அடிமணலை அள்ளிவந்தார் என்பதால் அதன் ஆழத்தை அறிந்தவர். அணையின் அடியோ ஆண்டுதோறும் மாறுவது. சென்ற ஆண்டு இருபதடி ஆழமாயிருந்த இடம் இவ்வாண்டு வண்டல் மூடிப் பத்தடியாய் இருக்கலாம். நீர்மட்டம் இறங்கியிருப்பின் பாறையே தலையை எதிர்கொள்ளும். கழுத்தெலும்பு முறிந்து கைகால் உணர்விழந்து வாழ்நாள் முழுதும் கட்டிலிற் கிடப்பதற்கு அவ்வொரு பாய்ச்சல் போதும்.

மதகினருகில் நீந்துதல் இவை யாவற்றினும் கொடியது. மேலே நீர் கண்ணாடிபோல் அசைவற்றிருக்கும். அடியிலோ தூம்பின் வாய் திறந்திருக்கும். 10 மீட்டர் ஆழத்திலுள்ள துளையின் வழியே நீர் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் வேகத்திற் பாயும் என்பது கணக்கு. சாலையிற் செல்லும் பஸ்ஸின் வேகம் அது. அதன் இழுப்பில் அகப்பட்டவரை மேலிழுக்க மனிதக் கையால் ஆகாது. இதற்கு மாறாக, தாழ்ந்த அணைக்கட்டுகளின் கீழ்ப்புறத்து விளையாடுதல் பாதுகாப்பென்று பலர் எண்ணுகின்றனர். ஈச்சம்பாடி போன்ற அணைக்கட்டுகளில் நீர் வெண்திரைபோல் வழிந்து விழுவது காண்டற்கு இனியதே. ஆயின் மேலிருந்து விழுந்த நீர் அடியிற் சென்று, மீண்டும் மேலெழுந்து சுவரை நோக்கியே திரும்பிச் சுழல்கின்றது. அச்சுழலுட் பட்ட மரக்கட்டை நாட்கணக்கில் அங்கேயே உருண்டுகொண்டிருப்பதைக் காணலாம். மனிதனும் அவ்வாறே. நுரை மிகுந்த நீர் காற்றோடு கலந்ததாதலின் உடலை மிதக்க விடுவதுமில்லை.

கீழாற்றில் இருப்பார்க்கு வேறோர் அபாயம், அறிவியாது நீர் திறத்தல். 2014 ஜூன் 8-ஆம் நாள் இமாசலத்தில் வியாச நதியின் பாறைகளில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத்துப் பொறியியல் மாணவர் 24 பேர், மேலே லார்ஜி அணையில் நீர் திறந்துவிடப்பட்டமையால் அடித்துச் செல்லப்பட்டு மாண்டனர். கல்லூரிச் சுற்றுலாவாகச் சென்றவர்கள் அவர்கள். நம்மைப்போன்றே பத்தொன்பது இருபது வயதினர். முழங்கால் அளவாய் இருந்த நீர் சிலநிமிஷத்தில் ஆள்மூழ்கும் அளவாயிற்று. ஓடுவதற்கு முன் எந்தப் பாறை கரையோடு சேர்ந்தது, எது தனித்தது என்று தேர இடமில்லை. பின்னர் அம்மாநில உயர்நீதிமன்றம் மின்வாரியம், கல்லூரி, அரசு ஆகிய மூன்றன் தலைமேலும் பொறுப்பைப் பகிர்ந்து இழப்பீடு விதித்தது. கல்லூரியும் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று என்பதை ஆசிரியப் பெருமக்கள் நோக்குவாராக. உல்லாசப் பிரயாணத்திற்குப் பஸ் அமர்த்துமுன், அன்றைக்கு அணையில் நீர் திறப்பு உண்டா என்று நீர்வளத்துறையாரைக் கேட்டறிதற்கு ஒரு தொலைபேசி உரையே போதும்.

அப்படியாயின் அணைப்பக்கம் ஒருவரும் செல்லலாகாது என்று தடுத்துவிடலாமே என்பர் சிலர். யான் அதற்கு உடன்படேன். தடை எழுதிய பலகையினால் மக்கள் நின்றுவிடுவதாயின் இத்துணை மரணம் நிகழ்ந்திராது. காவலர் நிற்கும் வாயிலைத் தவிர்த்து, காவலில்லாத புதர்ப்புறத்து இறங்குவதே தடையால் விளையும் பயன். அங்கு அமிழ்ந்தவன் கூக்குரல் எவர் செவிக்கும் எட்டாது. அமிழ்வார் பெரும்பாலும் கூவுவதும் இல்லை, வாய் நீர்மட்டத்தினின்று எழும்பும் சிறுபொழுதில் மூச்சு வாங்கவே நேரம் உண்டு, ஓசையின்றியே அமிழ்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனத்தார் 2021-ஆம் ஆண்டில் நீரில் மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ 3 இலட்சம் என்று கணக்கிட்டனர். அவருள் பத்தில் ஒன்பதின்மர் நம்போன்ற எளிய நாட்டினர். செல்வ நாட்டினர் நீர்விளையாட்டை விட்டுவிட்டதனாலன்று அவர் தொகை குறைந்தது. நீந்தக் கற்றமையாலும், இடம் வகுத்துக் காவல் வைத்தமையாலுமே குறைந்தது.

சிற்றணை ஒன்றிற்கு வேண்டுவன பெருஞ்செலவுடையன அல்ல. மதகினின்றும் கலிங்கினின்றும் நெடுந்தூரம் தள்ளி, அடிமட்டம் சமமான ஓரிடத்தைத் தேர்ந்து படித்துறை கட்டலாம். துறையின் எல்லையில் மிதவை கோத்த கயிறு ஒன்று போதும். ஆழம் காட்டும் கல்தூண் ஒன்றை நட்டு அடிக்கணக்கு எழுதலாம். எழுத்தறியாச் சிறுவரும் உணருமாறு இடுப்பளவு, கழுத்தளவு என்று உருவம் தீட்டினால் மிக நன்று. லாரி டியூப் ஒன்றும் நீண்ட கயிறும் மூங்கிற் கழியும் ஒரு கம்பத்திற் கட்டித் தொங்கவிடலாம். களவு போகும் என்பார். போகட்டும், மீண்டும் வாங்கித் தொங்கவிடுவோம். நீர் திறக்குமுன் ஊதும் சங்கு கீழாற்றில் ஒரு கல் தொலைவுக்குக் கேட்க வேண்டும். நம் கல்லூரிகள் பந்தாட்டத்திற்கு மைதானம் வைத்திருப்பதுபோல் நீச்சலுக்கு ஒரு தடாகம் வைத்து, முதலாண்டு மாணவர்க்கு, மாணவியர்க்கும், நீந்தவும் மூழ்கினாரை மீட்கவும் கற்பிக்கலாம். மாணவியரை விலக்குவது வழக்கமாயிருக்கின்றது. நீரோ அவ்வேற்றுமை பார்ப்பதில்லை.

மீட்கும் முறையில் நினைவிற் கொள்ளத்தக்கது, பாய்தலினும் எறிதல் சிறந்தது என்பது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் பெரம்பலூர் ஜில்லாவில் மருதையாற்றின் கொட்டரை அணையில் நீராடிய இளைஞர் நால்வர் ஆழத்தில் அகப்பட்டனர். துணி துவைத்துத் திரும்பவிருந்த செந்தமிழ்ச்செல்வி, சுந்தரபாள், ஆனந்தவல்லி என்னும் மூன்று மகளிர் தம் உடுத்த சேலையைக் களைந்து நீரில் எறிந்து இருவரை இழுத்துக் காத்தனர். மற்றை இருவர் மாண்டனர். சேலை எத்துணை நீளமுடையது என்பதையும், அது அருகிலிருப்பதையும், நாணத்தினும் உயிர் பெரிதென்பதையும் அம்மகளிர் ஒருநொடியில் எண்ணித் துணிந்தனர். தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டுச் சுதந்தர நாளில் கல்பனா சாவ்லா விருது அளித்து அவர்களைச் சிறப்பித்தது. நம்முள் வேட்டியும் துண்டும் உடுப்பார் அநேகர். மீட்டெடுத்தவர் மூச்சின்றிக் கிடப்பின் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முனைவதும், காலைப் பிடித்துச் சுழற்றுவதும் வீண்வேலை. வாயொடு வாய்வைத்து மூச்சு ஊதி மார்பை அழுத்துவதே செய்யற்பாலது. மூளை காற்றின்றி நான்கைந்து நிமிஷமே பொறுக்கும்.

நீராடச் செல்வாரால் அணைக்கும் ஓர் உதவி உண்டு என்பதைச் சொல்லிவிடுகின்றேன். அணையைக் காக்க அமர்ந்த பணியாளரை நம் பக்கத்தில் லஸ்கர் என்பர். நெடிய கரைகட்கு இத்தகையோர் இருவர் மூவரே இருப்பர். ஆட்டிடையரும் மீன்பிடிப்பாரும் நீராடச் சென்ற மாணவரும் அவர் காணாததைக் காணக்கூடும். கரையின் தலையில் நீளவாக்கில் விழுந்த பிளவு, வெளிச் சரிவில் முன்பில்லாத ஈரம், வறண்ட புல்லினிடையே ஓரிடத்து மட்டும் பச்சைப் புல், அடிவாரத்தில் மணல் கொப்புளித்து எழும் சிறு ஊற்று, கலங்கிய கசிவு, கலிங்கின் குறுக்கே கட்டிய மீன்வலையிற் சேர்ந்த குப்பை, மதகின் ஓரத்தில் புதிதாய் நீர் பீறுதல் ஆகிய இவற்றுள் எதனைக் கண்டாலும் லஸ்கரிடம் சொல்லிவிட வேண்டும். கண்ட நாள், மணி, அன்றைய நீர்மட்டம் எத்தனை அடி, கசிந்த நீர் தெளிவோ கலங்கலோ என்னும் நான்கையும் ஒரு தாளிற் குறித்து அவர் கையிற் கொடுத்தால், பொறியியலாளர்க்குத் தொடக்கத்திற்கு அதுவே போதும்.